எருசலேமுக்குப் போன காணிக்கை

“பணமா சாமி முக்கியம்? மனம்தானே முக்கியம்!” இச்சொல்லைக் கேளாத அருள்பணியாளர் நம்மிடையே இருக்க முடியாது. கொடுக்க விருப்பமில்லாதவரும் இதைச் சொல்வார்; தம்மால் இயன்றதையெல்லாம் கொடுத்துவிட்டு, அது சிறிதாயிற்றே என்று கூசி நிற்பவரும் இதையே சொல்வார். முன்னவர் வாயில் இது சாக்கு. பின்னவர் வாயில் மன்றாட்டு. பீடத்தருகே நின்று மறையுரையாற்றும் நாமோ, இவ்விருவருக்கும் பொதுவாக இதே சொல்லை எடுத்து வழங்கிவிட்டு, உண்டியல் சுற்றிவரும் வேளையில் அமர்ந்துவிடுகிறோம். ஒரே சொல் இத்தனை பேருக்கு இத்தனை வகையாக உதவுமானால், அதன் மாற்று என்னவென்று ஒருமுறை உரைத்துப் பார்ப்பது நல்லது.

அதற்கு உரைகல்லாக நாம் இங்கே எடுத்துக்கொள்வது, திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் எட்டாம், ஒன்பதாம் அதிகாரங்களை. இரண்டும் சேர்ந்து 39 வசனங்களே. ஒரு நிதி திரட்டும் கடிதம் என்று சொல்லிவிடலாம். ஆயினும் கொடுக்கும் மனத்தைப் பற்றி இதைவிட நுட்பமாக எழுதப்பட்ட பகுதி புதிய ஏற்பாட்டில் வேறில்லை என்பது நம் எண்ணம். இதனை இறைவாக்காக மட்டுமன்றி, ஒரு மனிதர் வேர்க்க விறுவிறுக்க எழுதிய கடிதமாகவும் படித்துப் பார்க்க விரும்புகிறோம்.

‘காணிக்கை என்றால் ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசு இருக்கிறதே, அதை விட்டுவிட்டுக் கடிதத்துக்கு ஏன் போக வேண்டும்?’ என்று வாசகர் கேட்கலாம். உண்மைதான், காணிக்கை பற்றிப் பேச வேண்டிய ஞாயிறுகளில் நம் கை தானாகப் புரட்டுவது மாற்கு 12-ஆம் அதிகாரத்தைத்தான். ஆனால் 1982-ஆம் ஆண்டு அமெரிக்கக் கத்தோலிக்க விவிலியக் காலாண்டிதழ் ஒன்றில் ஆடிசன் ரைட் என்னும் அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். இயேசு அக்கைம்பெண்ணைப் புகழ்கிறாரா, அல்லது அவளுக்காகப் புலம்புகிறாரா என்பது அவருடைய கேள்வி. அந்நிகழ்ச்சிக்குச் சற்று முன்புதான் கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் மறைநூல் அறிஞரை ஆண்டவர் கடிந்துகொள்கிறார். அடுத்த அதிகாரத் தொடக்கத்திலேயே கோவிலின் கல்லின்மேல் கல் இராதபடி இடிபடும் என்கிறார். நடுவில் ஒருத்தி தன் பிழைப்பு முழுவதையும் அதே கோவிலின் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறாள். “நீங்களும் போய் அப்படியே செய்யுங்கள்” என்று ஆண்டவர் சொல்லவில்லை. ரைட்டின் முடிவு முழுவதையும் நாம் ஏற்கவில்லை. தம் மிகுதியிலிருந்து போட்டவர்களையும் தன் பற்றாக்குறையிலிருந்து போட்டவளையும் இயேசு ஒப்பிடும் பேச்சில் அவள்மீது கொண்ட மதிப்பு தெளிவாகவே தெரிகிறது. ஆயினும் அக்கட்டுரையை அறிந்த பிறகு, கட்டட நிதி குறைகிறதென்று அந்தப் பெண்ணை மறையுரைக்கு அழைத்து வரக் கொஞ்சம் தயக்கம் ஏற்படத்தான் செய்கிறது. ஏழையின் மனத்தைப் புகழ்ந்தே ஏழையின் மடியை அவிழ்க்கும் பழக்கம் திருச்சபைக்குப் புதிதன்று.

இனிக் கடிதத்துக்கு வருவோம். அதன் பின்னணி சுருக்கமானது. பிற இனத்தாரிடையே நற்செய்தி அறிவிக்கப் பவுலை எருசலேமின் தூண்கள் எனப்பட்டவர்கள் ஏற்றுக்கொண்டபோது விதித்த வேண்டுகோள் ஒன்றே: ஏழைகளை மறவாதிருக்க வேண்டும் என்பது (கலா 2:10). அதைச் செய்வதில் தாம் ஆர்வமாயிருந்ததாகப் பவுல் எழுதுகிறார். அவ்வார்வம் பல ஆண்டு உழைப்பாக விரிந்தது. கலாத்தியா, மாசிதோனியா, அக்காயா எனப் பரந்து கிடந்த சபைகளிலிருந்து எருசலேம் சபையின் ஏழைகளுக்குப் பணம் திரட்டத் தொடங்கினார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் (16:1-4) அதற்கான வழியையும் சொல்லிவைத்தார்: வாரத்தின் முதல் நாள்தோறும் ஒவ்வொருவரும் தம் வருவாய்க்கு ஏற்ப ஒரு தொகையைத் தம்மிடமே எடுத்து வைத்துச் சேர்க்க வேண்டும். இவ்விடத்தை அந்தியோக்கியா மக்களுக்கு விளக்கிய புனித யோவான் கிறிசோஸ்தோம், வீட்டில் இறைவேண்டல் செய்யும் இடத்துக்கு அருகிலேயே ஏழைகளுக்கென ஒரு சிறு பெட்டி வையுங்கள் என்றார். உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலத்தில் போட்டுவைத்த நம் பாட்டிமார் கிறிசோஸ்தோமைப் படித்தவர்கள் அல்லர். பிடி அரிசியின் இறையியல் அவர்களுக்குக் கையிலேயே இருந்தது.

ஆனால் கொரிந்தில் பெட்டி நிறையவில்லை. இடையில் பவுலுக்கும் கொரிந்தியருக்கும் பெரும் மனத்தாங்கல் உண்டாயிற்று. துயரம் தந்த ஒரு வருகையும், கண்ணீரோடு எழுதிய ஒரு கடிதமும் அதில் அடங்கும். போதாக்குறைக்கு, ‘எங்களிடம் தமக்கென்று எதுவும் பெற்றுக்கொள்ளாதவர் இப்போது ஏழைகள் பெயரைச் சொல்லித் தந்திரமாகப் பறிக்கிறார்’ என்ற பேச்சும் எழுந்திருந்ததென்று 12-ஆம் அதிகாரத்திலிருந்து ஊகிக்கலாம். தொடங்கிய காணிக்கை ஓராண்டாகக் கிடப்பில் கிடந்தது. ஒப்புரவு ஏற்பட்டுச் சில காலமே ஆன நிலையில், ஏறத்தாழ கி.பி. 56-ஆம் ஆண்டளவில், மாசிதோனியாவிலிருந்து பவுல் மீண்டும் அப்பேச்சை எடுக்கிறார். இவ்விரு அதிகாரங்களும் முதலில் இரு தனிக் கடிதங்கள் என்று ஹான்ஸ் டீட்டர் பெட்ஸ் 1985-இல் வெளியிட்ட விரிவுரையில் வாதிட்டார். அப்படியும் இருக்கலாம், ஒன்பதாம் அதிகாரம் புதிதாகத் தொடங்குவது போன்றே ஒலிக்கிறது. நம் வாசிப்புக்கு அது பெரிய வேறுபாடு செய்வதில்லை.

சண்டையிட்டுச் சமாதானமான வீட்டில் கடன் கேட்கப் போகிறவரின் நிலை நமக்குத் தெரியும். பவுல் எழுதுவது அந்த நிலையில் நின்றுகொண்டுதான். அதனால்தானோ என்னவோ, பணம் என்ற சொல்லையே அவர் இவ்விரு அதிகாரங்களிலும் பயன்படுத்தவில்லை! முதல் திருமுகத்தில் ‘லோகேயா’ என்று, நாம் ‘வசூல்’ என்பது போல, வெளிப்படையாகவே எழுதியவர்தாம். இங்கோ ‘காரிஸ்’ என்கிறார். அருள் என்பது அதன் பொருள். ‘கொய்னோனியா’ என்கிறார், நட்புறவு. ‘தியாக்கோனியா’ என்கிறார், பணிவிடை. ‘யூலோகியா’, ஆசி. ஓரிடத்தில் (9:12) ‘லெய்துர்கியா’ என்றே சொல்லிவிடுகிறார். நாம் திருவழிபாடு என்று வழங்குவதற்கு வேராகிய சொல் அது. இதை நயமாகப் பேசும் தந்திரம் என்று தள்ளுவோரும் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. பணத்தைப் பணம் என்று சொன்னவுடன் கொடுப்பவர், பெறுபவர் என்று இரு சாரார் நின்றுவிடுவார்கள். அருள் என்று சொல்லும்போது இருவருமே பெற்றவர்கள் ஆகிறார்கள். பவுல் தம் வாதத்தின் உச்சியில் வைக்கும் வசனமும் (8:9) அதுவே: செல்வராயிருந்த ஆண்டவர் நமக்காக ஏழையானார், அவருடைய ஏழ்மையால் நாம் செல்வரானோம். முதல் கொடையாளர் அவரே. கொரிந்தியர் போடப்போகும் காசு அக்கொடையின் மறுபக்கம் மட்டுமே.

நம் முன்னோர் இவரைப் ‘பவுல்’ என்று அழைக்கவில்லை, ‘அர்ச். சின்னப்பர்’ என்றார்கள். இலத்தீனில் ‘பவுலுஸ்’ என்றால் சிறியவர். பெரியவர்களிடம் பணம் கேட்கும் சிறியவர் என்ற நினைவோடு இக்கடிதத்தைப் படித்தால் அப்பழைய பெயரின் அழகு கூடுகிறது.

அவருடைய சொற்களுள் ஒன்று தனியே நிறுத்திப் பார்க்கத் தக்கது. மாசிதோனியச் சபைகள் கடும் துன்பத்திலும் ஆழ்ந்த வறுமையிலும் இருந்தவை. ஆயினும் அவர்களுடைய மகிழ்ச்சியும் வறுமையும் சேர்ந்து ‘ஹாப்ளோத்தேஸ்’ என்னும் செல்வமாகப் பெருகி வழிந்தன என்கிறார் (8:2). வறுமை பெருகிச் செல்வமாவது என்ன கணக்கோ! இச்சொல்லை மொழிபெயர்ப்பவர்கள் பெரும்பாலும் தாராளம் என்றோ, வள்ளன்மை என்றோ பெயர்ப்பார்கள். பிழையன்று. ஆனால் அச்சொல்லின் அடிப்பொருள் ஒற்றைத் தன்மை, மடிப்பில்லாமை, ஒன்றைக் காட்டி ஒன்றை மறைக்காத வெள்ளை மனம். ‘வள்ளல்’ என்றவுடன் தமிழ்ச் செவிக்குப் பாரி வருகிறான். அவனுடைய பறம்பு நாடு முந்நூறு ஊர்களை உடையது என்று புறநானூறு கூறும். முந்நூறு ஊர் உடையவன் கொடுப்பதையும், பிலிப்பியில் ஒரு தறிக்காரர் கொடுப்பதையும் ஒரே சொல்லால் சொல்லும்போது ஏதோ நழுவிப் போகிறது. எனினும் தமிழ் நம்மைக் கைவிடவில்லை. அதே பாரி முல்லைக்கொடிக்குத் தேரை விட்டுவந்ததையும், பேகன் மயிலுக்குப் போர்வை அளித்ததையும் குறிக்க நம் முன்னோரிடம் வேறொரு சொல் இருந்தது: கொடைமடம். ‘இது தகுமா, இதற்கு இது தேவைதானா, நமக்கு என்ன திரும்பும்’ என்று ஆராயாத கொடை. மடம் என்றால் அறியாமை. ஆயினும் இவ்வறியாமையைப் புலவர்கள் பெருமையாகப் பாடினார்கள். ‘ஹாப்ளோத்தேஸ்’ என்பதற்கு இவ்வளவு நெருங்கிவரும் வேறு சொல்லை நாம் அறியோம். மாசிதோனியரின் கொடைமடத்தைப் பவுலே தடுக்க முயன்றிருப்பார் போலும். தங்களுக்கும் இதில் பங்கு வேண்டுமென்று அவர்கள் அவரை வருந்தி மன்றாடினார்களாம் (8:4). நிதி திரட்டுகிறவரிடம் கொடுப்பவர் கெஞ்சும் காட்சியை நம் பங்குப் பேரவைகள் கனவிலும் கண்டதில்லை.

அப்படியானால் ‘மனம்தான் முக்கியம்’ என்ற நம் பழமொழி வென்றுவிட்டதா? இங்கேதான் பவுல் நம்மைத் திருப்பிவிடுகிறார்.

ஒவ்வொருவரும் தம் இதயத்தில் முடிவு செய்தபடி கொடுக்க வேண்டும். வருத்தத்தோடோ கட்டாயத்தினாலோ கொடுத்தலாகாது என்று 9:7-இல் எழுதுகிறார். இதில் நாம் ‘இதயம்’ என்பதைப் பிடித்துக்கொள்கிறோம். ‘முடிவு’ என்பதை விட்டுவிடுகிறோம். விவிலிய வழக்கில் இதயம் என்பது உணர்ச்சி ஊறும் இடம் மட்டுமன்று. எபிரேயர் இதயத்தால் சிந்தித்தார்கள், இதயத்தால் கணக்கிட்டார்கள், இதயத்தால் தீர்மானித்தார்கள். இணைச்சட்டம் 15-ஆம் அதிகாரத்தில் ஏழைச் சகோதரனுக்கு எதிராக இதயத்தைக் கடினப்படுத்துவதும் கையை மூடிக்கொள்வதும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. கடன் தள்ளுபடி ஆண்டு நெருங்குகிறதே, இப்போது கொடுத்தால் திரும்பாதே என்று உள்ளத்தில் ஓடும் கணக்கையும் அச்சட்டம் எட்டிப் பிடித்துவிடுகிறது. இதயத்துக்கும் கைக்கும் நடுவே நாம் கட்டிவைத்திருக்கும் சுவர் அவ்வுலகில் இல்லை.

ஆதலால் கொரிந்தியரின் நல்லெண்ணத்தைப் பவுல் புகழ்கிறார். புகழ்ந்த கையோடு, விரும்பத் தொடங்கியது போலவே செய்தும் முடியுங்கள் என்கிறார் (8:11). ஆர்வம் இருந்தால் ஒருவரிடம் உள்ளதற்கு ஏற்ப அது ஏற்கப்படும். இல்லாததற்கு ஏற்ப அன்று. கொடுக்க இல்லாதவருக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் இவ்வசனம்! வைத்துக்கொண்டு மனத்தைப் பற்றிப் பேசுபவருக்கு எவ்வளவு பெரிய இடி! நாம் தொடக்கத்தில் கண்ட இருவரையும் ஒரே வசனத்தில் பிரித்து நிறுத்திவிடுகிறார். துயரம் என்னவெனில், ‘ஆ’ ஆண்டின் பொதுக்கால 13-ஆம் ஞாயிறன்று இவ்வதிகாரத்திலிருந்து வாசகம் வருகிறது. ஆனால் 7, 9, 13 முதல் 15 வரையுள்ள வசனங்களே வாசிக்கப்படுகின்றன. செய்து முடியுங்கள் என்னும் பகுதி நடுவிலிருந்து தாண்டிச் செல்லப்படுகிறது.

மகிழ்ச்சியோடு கொடுப்பவரைப் பற்றிய புகழ்பெற்ற சொல்லிலும் ஒரு நுட்பம் உண்டு. அது பவுலின் சொந்தச் சொல் அன்று. நீதிமொழிகளின் கிரேக்க மொழிபெயர்ப்பில், எபிரேய மூலத்தில் இல்லாத ஒரு வரியாக, முகமலர்ச்சியோடு ஈபவரைக் கடவுள் ஆசீர்வதிக்கிறார் என்ற பொருளில் வருவது. பவுல் அதை எடுத்தாளும்போது ஆசி என்பதை எடுத்துவிட்டு அன்பு என்பதை வைக்கிறார். ஆசி என்றிருந்தால் கொடுத்தவர் பதிலுக்கு ஒன்றைப் பெற்றிருப்பார். ஒரு ரூபாய் கொடுத்தால் நூறாகத் திரும்பும் என்று தொலைக்காட்சியில் முழங்குகிறார்களே, அவர்களுக்கு அப்பழைய வடிவம் வசதியாக இருந்திருக்கும். விதைப்பு, அறுவடை என்று பவுலே அடுத்தடுத்துப் பேசுவதை அவர்கள் சான்று காட்டலாம். ஆனால் அந்த அறுவடை என்ன என்று பார்த்தால், மேலும் கொடுக்கும் ஆற்றலும், பெற்றவர் கடவுளுக்குச் செலுத்தும் நன்றியுமே (9:11). வீடும் வண்டியும் அதில் இல்லை.

இனி இக்கடிதத்தில் நமக்கு நெருடுவதையும் சொல்லிவிட வேண்டும். மாசிதோனியரின் கொடையைக் கொரிந்தியரிடம் காட்டித் தூண்டுகிறார் பவுல். அதே வேளையில், கொரிந்தியர் சென்ற ஆண்டே ஆயத்தமாகிவிட்டார்கள் என்று மாசிதோனியரிடம் பெருமை பேசியிருக்கிறார் (9:2). மாசிதோனியர் சிலர் என்னோடு வந்து, நீங்கள் ஆயத்தமாகாதிருப்பதைக் கண்டால் எங்களுக்கு வெட்கமாகிவிடும், உங்களுக்கு எவ்வளவு வெட்கம் என்று சொல்லவும் வேண்டுமா என்கிறார். கட்டாயம் கூடாது என்று எழுதிய அதே கை எழுதுவது இது! சில விரிவுரையாளர்கள் இதை அக்காலத்துப் பேச்சுக்கலை மரபு என்று சமாதானம் சொல்கிறார்கள். நம்மால் அவ்வளவு எளிதில் கடக்க முடியவில்லை. வெட்கத்தைக் காட்டிப் பெற்றது மனத்தில் தீர்மானித்த கொடையாகுமா?

இக்குற்றச்சாட்டை எழுதும் தகுதி நமக்கு உண்டா என்பது வேறு கேள்வி. நம் கோயில்களின் குழல்விளக்குகளைப் பாருங்கள். ‘உபயம்’ என்று தொடங்கி, பெயரும் தந்தை பெயரும் ஊர்ப் பெயரும் கறுப்பு வண்ணத்தில் எழுதி முடிப்பதற்குள் வெளிச்சத்துக்கு இடம் குறைந்துவிடுகிறது. மின்விசிறியின் இறக்கைகளிலும் பெயர் உண்டு. சுற்றும்போது அது தெரியாது என்பதால் நிறுத்தி வைக்கச் சொன்னவர் எவரும் இதுவரை இல்லை என்பது ஒரு நிம்மதி. திருவிழாவின் இறுதி நாளில் நன்கொடையாளர் பட்டியலைத் தொகையின் இறங்குவரிசையில் ஒலிபெருக்கியில் வாசித்தது வேறு யாருமல்ல, நாமேதான். ஆயிரங்கள் முடிந்து நூறுகளுக்கு வந்தபோது, “மற்றும் பலர்” என்று முடித்துவிட்டோம். மறுநாள் காலை, கோயில் பெருக்கும் ஓர் அம்மா வந்து, “என் பேரு வரலையே சாமி. எம்மகன் பேருலதான் குடுத்தேன். அவன் இல்லாத முத வருசம்” என்றார். கோபமில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளும் குரல்தான். அவரிடம் “மனம்தானே முக்கியம்” என்று சொல்ல வாய் வரவில்லை. பெயருக்கு ஆசைப்பட்டுக் கொடுக்காதே என்று போதிப்பது சரி. ஆனால் பெரிய பெயர்களை வாசித்துவிட்டுச் சிறிய பெயர்களுக்கு மட்டும் அந்தப் போதனையை வழங்கியவர்கள் நாம். பவுலுடைய கடிதத்தில் கொடுத்தவர் ஒருவரின் பெயர்கூட இல்லை. சபைகளின் பெயர்களே உள்ளன. அதை அன்றுதான் கவனித்தோம்.

கடிதத்தின் இன்னொரு பகுதியை ஞாயிறுகளில் நாம் கேட்பதேயில்லை. 8:16 முதல் 24 வரை தீத்துவையும் வேறு இரு சகோதரரையும் பவுல் அனுப்பிவைக்கும் பகுதி அது. அவ்விருவரின் பெயர் தரப்படவில்லை. ஒருவர் சபைகளால் தேர்ந்துகொள்ளப்பட்டவர் என்று மட்டும் அறிகிறோம். இத்துணைப் பெரிய கொடையைக் கையாள்வதில் எவரும் குறை சொல்ல இடமிருக்கலாகாது. ஆண்டவர் முன்னிலையில் மட்டுமன்றி மனிதர் முன்னிலையிலும் நேர்மையானதையே நாடுகிறோம் என்கிறார். ‘கடவுளுக்குத் தெரியும்’ என்று சொல்லிக் கணக்கை மூடிவிடத் திருத்தூதருக்கே துணிவு வரவில்லை. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, நம்பிக்கையாளர் அளித்தவற்றுக்கு அவர்களிடமே கணக்குக் காட்டுமாறு நிர்வாகிகளைப் பணிக்கிறது (1287). பங்குதோறும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது (537). சட்டம் வந்து நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. கணக்கு கேட்பவரை விசுவாசக் குறைவுள்ளவர் என்று பார்க்கும் பார்வை இன்னும் சில இடங்களில் போகவில்லை என்பதை மறைப்பானேன்? கொடுப்பவரின் மனத்தைப் பற்றி ஆயிரம் பேசலாம். வாங்குபவர் கணக்கை மூடினால் அம்மனமும் மூடிக்கொள்ளும். பவுலுக்கு அது தெரிந்திருந்தது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக அவர் வைக்கும் சொல் ‘இசோத்தேஸ்’, சமநிலை. பிறருடைய சுமையைத் தணிக்க உங்கள்மேல் சுமை ஏற்றுவது நோக்கமன்று. இப்போது உங்கள் மிகுதி அவர்கள் குறையை நிறைவாக்கும், பின்னர் அவர்கள் மிகுதி உங்கள் குறையை நிறைவாக்கும் என்று சொல்லி, பாலைநிலத்து மன்னாவைச் சான்றுக்கு அழைக்கிறார் (8:13-15). மிகுதியாகச் சேர்த்தவரிடம் மிஞ்சவில்லை. குறைவாகச் சேர்த்தவருக்குக் குறையவில்லை. இதற்கு நம் மொழியில் ‘ஈகை’ போதாது. திருக்குறளில் ஈகைக்கு முந்திய அதிகாரம், 22-ஆவது, ஒப்புரவறிதல். ஈகை மறுமையையும் ஒப்புரவு இம்மையையும் நோக்கியவை என்று பரிமேலழகர் பிரித்துக் காட்டுவார். ஊருக்குள் நீர் நிறைந்து கிடக்கும் குளத்தையும், ஊர் நடுவே பழுத்து நிற்கும் மரத்தையும், எல்லா உறுப்பாலும் மருந்தாகும் மரத்தையும் ஒப்புரவுக்கு உவமையாக்குகிறார் வள்ளுவர். குளத்தில் நீர் மொண்டவர் எவரும் குளத்துக்கு முன் கூனி நிற்பதில்லை. கொடுப்பவர் கை மேலேயும் வாங்குபவர் கை கீழேயும் இராத கொடை அது.

அதே சொல்லை நாம் கத்தோலிக்கத் தமிழில் எதற்கு வைத்திருக்கிறோம்? ஒப்புரவு அருள்சாதனத்துக்கு! பாவசங்கீர்த்தனம் என்று வழங்கிவந்ததற்கு அப்பெயரைத் தேர்ந்தவர்கள் குறளை நினைத்தார்களோ, இல்லையோ. பவுலின் காணிக்கைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. அக்காசு இரு வகையிலும் ஒப்புரவு. உள்ளவரையும் இல்லாதவரையும் நிகராக்குவது ஒன்று. விருத்தசேதனம் இல்லாத கிறிஸ்தவர்களை ஐயத்தோடு பார்த்த எருசலேமையும், அந்த ஐயத்தால் புண்பட்ட பிற இனத்தாரையும் ஒரு பந்தியில் அமர்த்துவது மற்றொன்று. அதனால்தான் இக்கடிதத்தில் பெறுபவருடைய மனத்துக்கு இவ்வளவு இடம். அவர்கள் நன்றி செலுத்துவார்கள், உங்களுக்காக மன்றாடுவார்கள், உங்கள்மீது ஏக்கம் கொள்வார்கள் என்று ஒன்பதாம் அதிகார இறுதியில், இன்னும் நடவாததை நடந்ததுபோல் எழுதிக்கொண்டே போகிறார்.

பெறுபவருக்கும் மனம் உண்டு என்பதை நமக்கு உணர்த்திய நாள்கள் உண்டு. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினம், வேளாங்கண்ணிக் கரைகளை அழித்தபின், நாடெங்கிலுமிருந்து சரக்குந்துகள் வந்து குவிந்தன. அவற்றுள் பழைய துணிகளும் மூட்டை மூட்டையாக வந்தன. மீனவக் குடும்பங்கள் அவற்றைத் தொடவில்லை; சாலையோரங்களில் அவை மலையாகக் கிடந்து மழையில் மட்கின. ‘பிச்சைக்காரனுக்கு இவ்வளவு திமிரா’ என்று கேட்டவர்களும் நம்மிடையே இருந்தார்கள். பிடிபட்ட மீனில் கோயிலுக்கென்று ஒரு பங்கை ஒதுக்கிவைத்துவிட்டே மற்றதை விற்கும் வழக்கமுடைய ஊர்கள் பல நம் கடலோரத்தில் உண்டு. கொடுத்தே பழகிய அக்கைகளிடம் நாம் நீட்டியது, நம் வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததை. அனுப்பியவர்களின் உள்ளத்தில் இரக்கம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. தொலைக்காட்சியின் முன் அழுதுகொண்டேதான் மூட்டை கட்டினார்கள். இரந்தவரின் முகம் மலரும்வரை இரக்கப்படுதலும் துன்பமே என்று ஈகை அதிகாரத்தில் வள்ளுவர் வாங்குபவரின் முகத்தை உற்றுப் பார்ப்பார். நாம் மூட்டையைத்தான் பார்த்தோம்; முகத்தைப் பார்க்கவில்லை.

பவுலுக்கும் இதே அச்சம் இருந்தது. கொரிந்தியர் கடைசியில் கொடுத்துவிட்டார்கள்; மாசிதோனியாவும் அக்காயாவும் மனமுவந்து பங்களித்தன என்று உரோமையருக்கு எழுதுகிறார் (15:26). பணம் சேர்ந்துவிட்டது, ஐந்து வசனம் கழித்துப் பார்த்தால் அவர் இன்னும் கலங்குகிறார். யூதேயாவில் நம்பாதவர் கையிலிருந்து தப்ப வேண்டும் என்று மட்டுமன்று, எருசலேமுக்குத் தாம் கொண்டுபோகும் இந்தப் பணி அங்குள்ள இறைமக்களுக்கு ஏற்றதாய் அமைய வேண்டும் என்றும் மன்றாடச் சொல்கிறார். கொடுப்பவரின் இதயத்தைத் திறக்க இரண்டு அதிகாரம் எழுதியவருக்கு, பெறுபவரின் இதயத்தைப் பற்றி உறுதியில்லை.

பிறகு நடந்ததற்குத் திருத்தூதர் பணிகள் நூலைத்தான் பார்க்க வேண்டியுள்ளது. பெரோயாவிலிருந்து சோபத்தர், தெசலோனிக்காவிலிருந்து அரிஸ்தர்க்கு, செக்குந்து, தெர்பையிலிருந்து காயு, ஆசியாவிலிருந்து திக்கிக்கு, துரோப்பிம், இவர்களோடு திமொத்தேயு என்று ஒரு குழு பவுலுடன் பயணம் செய்தது (20:4). பல அறிஞர்கள் இவர்களைச் சபைகளின் காணிக்கையைக் கொண்டுசென்ற தூதர்களாகக் கருதுகிறார்கள். கொரிந்தின் பெயர் அப்பட்டியலில் இல்லை. எருசலேமில் சகோதரர்கள் மகிழ்ச்சியோடு வரவேற்றார்கள். மறுநாள் யாக்கோபைக் கண்டார்கள். பேச்சு உடனே பவுலைப் பற்றிய ஐயங்களுக்குத் திரும்புகிறது; நேர்ச்சை செய்திருந்த நால்வருக்கான செலவை ஏற்று, திருச்சட்டத்துக்குத் தாம் எதிரியல்லர் என்று காட்டும்படி அவரிடம் சொல்கிறார்கள். அப்படியே செய்யக் கோவிலுக்குப் போனவரை, துரோப்பிமை உள்ளே அழைத்து வந்துவிட்டார் என்று எண்ணிக் கூட்டம் பிடித்துக்கொண்டது. காணிக்கைப் பை என்னவாயிற்று என்று லூக்கா ஒரு சொல்லும் எழுதவில்லை. ஆளுநர் பெலிக்சு முன் கைதியாக நிற்கும்போது, தம் இனத்தாருக்குத் தருமம் கொண்டுவந்ததாகப் பவுல் ஒரே ஒரு வரி சொல்கிறார் (24:17). அதற்குமேல் ஒன்றுமில்லை. பிலிப்பியிலும் தெசலோனிக்காவிலும் வாரந்தோறும் எடுத்து வைத்த அக்காசுகளை எருசலேமில் யாரேனும் இரு கையும் நீட்டி வாங்கினார்களா, வாங்கிய கையோடு தந்தவர்களின் ஊர்ப் பெயரைக் கேட்டார்களா என்பது எழுதப்படாமலே இருக்கிறது.